உப்புப் பார்க்காத கை

கண்டக்குழிக்கு ஆட்கள் காற்றைத் தேடி வருகிறார்கள். சொன்னால் சிரிப்பீர்கள். நமக்கெல்லாம் அந்தக் காற்று கூரைத் தகட்டைக் கழற்றிக்கொண்டு போகிற, காயப்போட்ட துணியை மண்ணாக்குகிற, சோற்றுக் கோப்பைக்குள் மணலை அள்ளிப் போடுகிற சனியன். அவர்களோ பிளேன் ஏறி, அதற்கென்றே ஒரு பெரிய பட்டத்தைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு வந்து, அதில் தொங்கியபடி களப்புத் தண்ணீரின் மேல் வழுக்கி விளையாடுகிறார்கள். மூன்று நாள் விளையாடினால் யாருக்கும் பசிக்கும். லொட்ஜில் கொடுக்கிற இலைகுழைகளும் பொரித்த உருளைக்கிழங்கும் அலுத்துப்போய், "இந்த ஊர்ச் சனம் என்ன சாப்பிடுகிறது?" என்று கேட்பார்கள். அப்போதுதான் ஃபாஹிம் அவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு றைஸாவின் வீட்டுக்கு வருவான்.

ஃபாஹிம், றைஸாவின் கணவர் சாஹுல் ஹமீதின் தம்பி. நாலு மொழியில் பாதி பாதி பேசுவான், ஆனால் விருந்தாளியைச் சிரிக்க வைக்க அது போதும். றைஸாவுக்கு நாற்பத்து நாலு வயது. தமிழும் கொஞ்சம் சிங்களமும் தவிர வேறு பாஷை தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் வரவில்லை, அவளுடைய சமையல் பேசிக்கொள்ளும்.

வருகிறவர்களை அவள் நிலத்தில் பாய் விரித்து உட்கார வைப்பாள். கதிரை கேட்டால் கிடையாது. நடுவில் சஹன் வரும். இரண்டு கையாலும் தூக்க வேண்டிய ஒரே தட்டு, ஆறு பேருக்கு ஒன்று. சோற்றுக்கு நடுவில் கொறக்காப் புளி போட்ட மீன் ஆணம் என்கிற குழம்பு, ஓரமெல்லாம் கணவாய்ப் பொரியல், கத்தரிக்காய், மாசிச் சம்பல், அச்சாறு. முதலில் ஒரு சின்னப் பீங்கானில் உப்பு சுற்றி வரும். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்த பிறகுதான் சோற்றில் கை. ஏன் என்று கேட்டால், "எங்கட வழக்கம்" என்பாள், அதற்கு மேல் விளக்கம் இல்லை. ஒருமுறை ஒரு புருஷனும் பெஞ்சாதியும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். எழும்பும்போது பெஞ்சாதி மீனின் நல்ல துண்டைப் புருஷன் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தாள். ஒரே சஹனில் தின்றுவிட்டு யாரும் கோபமாக எழும்ப முடியாது என்பது றைஸாவின் கட்சி.

ஆனால் அந்த மீன் ஆணத்தை அவள் வாயில் வைப்பதில்லை. சமைக்கிற பெண் ஆணத்தைக் கொதிக்க வைத்தால் என்ன செய்வாள்? அகப்பையில் இருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பாள். றைஸா சட்டிக்கு மேல் குனிந்து மணம் பிடிப்பாள், நிறம் பார்ப்பாள், பிறகு "உப்புப் பார் மகள்" என்று அகீலாவைக் கூப்பிடுவாள். அகீலா அவளுடைய ஒரே பிள்ளை, பக்கத்து முன்பள்ளியில் படிப்பிக்கிறவள். விருந்தாளிகள் போன பிறகு மகள் மீனோடு சாப்பிடுவாள். தாய் பருப்பும் முட்டையும் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து சாப்பிடுவாள். யாராவது கேட்டால், "மீன் ஒத்துவாறல்ல, ஒடம்பெல்லாம் கடிக்குது" என்று முழங்கையைச் சொறிந்து காட்டுவாள். பாரை மீன் தலைக்காகப் புருஷனோடு சண்டை பிடித்த பெண் இவள். நாலு வருடத்துக்கு முன்புதான்.

சாஹுல் ஹமீது கதை ஊருக்குத் தெரியும். டொல்பின் காட்டுகிறவர்களில் அவரைப் போல ஒருவர் இருக்கவில்லை. நவம்பர் முதல் ஏப்ரல் வரைக்கும் கடல் அடங்கிக் கிடக்கிற காலத்தில், விடியற்காலை வெறும் வயிற்றோடு தனியே போட்டை எடுத்துக்கொண்டு போய் டொல்பின் கூட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்துவிட்டு, ஏழு மணிக்குள் திரும்பி வந்துதான் விருந்தாளிகளை ஏற்றுவார். மற்றவர்கள் எண்ணெயை மிச்சம் பிடிக்க, அவர் பேரை மிச்சம் பிடித்தார். தன் போட்டில் ஏறியவர் டொல்பின் காணாமல் இறங்கினார் என்ற பேச்சு வரக்கூடாது, அவ்வளவுதான்.

கொரோனா வந்த வருடம், பெப்ரவரி மாதம் ஒரு நாள் அப்படித்தான் போனார். கொழும்பில் இருந்து வந்த ஒரு குடும்பம், நாலு பேர், ஏழு மணிக்கு லைஃப் ஜெக்கட்டை மாட்டிக்கொண்டு கரையில் நின்றது. எட்டு மணிக்கும் நின்றது. ஒன்பது மணிக்கு அவர்களுடைய சின்னப் பெண்பிள்ளை ஜெக்கட்டோடேயே மணலில் விளையாடத் தொடங்கிவிட்டாள். அந்தப் போட்டுக்கு இருந்ததே நாலு ஜெக்கட். முந்தின நாள் மாலையே விருந்தாளிகளுக்கென்று துடைத்து லொட்ஜில் கொடுத்தாயிற்று. தனக்கென்று அவர் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. நம் ஆட்களில் யார் வைத்துக்கொண்டிருக்கிறார்? கடலில் பிறந்து வளர்ந்தவனுக்கு அதை மாட்டுவது வெட்கமாம். அந்தப் பெருமை நாசமாய்ப் போக.

மூன்றாம் நாள் போட் கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. சிலாபத்துக்கு நேரே வெகு தூரத்தில் மிதந்ததைக் கண்டு கட்டி இழுத்து வந்தவர் அன்ரனிப்பிள்ளை. அடுத்த மீன்வாடியில் தொழில் செய்கிறவர். தன் தொழிலை விட்டுவிட்டு மூன்று கிழமை தேடினார், ஊரே தேடியது. பிறகு பள்ளிவாசலில் இருந்து வந்து, காயிப் ஜனாஸாத் தொழுகை வைக்கட்டுமா என்று கேட்டார்கள். மையித்து கையில் கிடைக்காதவருக்கு வைக்கிற தொழுகை அது. றைஸா கதவுக்குப் பின்னால் நின்று முதலில் ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

"வேணாம்."

ஏன் என்று கேட்டதற்குச் சொன்னாள்: "ஆளைக் கண்டீங்களா? காணல்லதானே? காணாத ஆளுக்கு என்ன ஜனாஸா?"

சரி, ஒரு மாதம் போகட்டும் என்று விட்டார்கள். மாதம் முடிவதற்குள் ஊரடங்கு வந்தது, பள்ளி மூடியது, ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போக முடியாமல் ஆயிற்று. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்க யாருக்கும் வாய் வரவில்லை. போட்டில் என்ன கிடந்தது என்று ஃபாஹிம் சொல்ல வந்தபோதெல்லாம் அவள் காதைப் பொத்திக்கொண்டாள். கப்பல்காரன் யாராவது தூக்கி ஏற்றியிருப்பான், எந்த நாட்டிலோ இறக்கியிருப்பான், இல்லாவிட்டால் இந்தியாவில் பிடிபட்டு, சிறை மறியலில் இருப்பார் என்பாள். பிடிபட்ட மீனவர்களை விட்டார்கள் என்று செய்தி வந்தால் புத்தளத்துக்கு பஸ் ஏறிப்போய்ப் பெயர் விசாரிப்பாள். பதினொரு தரம் போயிருக்கிறாள். அழுததை யாரும் பார்க்கவில்லை. மவுத்தே இல்லாத வீட்டில் என்ன அழுகை என்று கேட்பாள்.

வீட்டுச் செலவுக்காகத்தான் இந்தச் சஹன் விருந்தைத் தொடங்கினாள். வருகிற பெண்கள் சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவிக்கொண்டு, அன்பாக ஒரு கேள்வி கேட்பார்கள்: உங்கள் கணவர் எங்கே? றைஸா சொல்வாள், "கடலுக்குப் போயிரிக்கார்." ஃபாஹிம் அதை மொழிபெயர்ப்பான். அவர்கள் தலையை ஆட்டிச் சிரிப்பார்கள், அவனும் சிரிப்பான். கூடப்பிறந்த நானாவின் மவுத்தை இப்படி நாலு வருடம் சிரித்துச் சிரித்துச் சொன்னவன் அவன். பாவம், அவனை யாரும் கேட்கவில்லை.

இந்த நேரத்தில்தான் அகீலாவுக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை அஸ்ஹான், புத்தளத்தில் பள்ளிக்கூட வாத்தியார், குணமான பிள்ளை. இருவருக்கும் பிடித்துப்போயிற்று. மாப்பிள்ளையின் மூத்தாப்பா அச்சுக்கூடம் வைத்திருக்கிறார், கலியாணக் கடிதம் என் அன்பளிப்பு என்று அவசரப்பட்டு மாதிரியையும் அடித்து அனுப்பிவிட்டார். ஒரு பின்னேரம் ஃபாஹிம் அதைப் போனில் கொண்டுவந்து காட்டினான். றைஸா அடுக்களையில் பாரை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ஈரக்கையைத் துடைக்காமலே எட்டிப் பார்த்தாள். மர்ஹூம் சாஹுல் ஹமீது என்று இருந்தது.

"இந்தச் சொல்ல வெட்டச் சொல்லுங்க தம்பி."

"மதினி..."

"மவுத்தான ஆளுக்குத்தானே மர்ஹூம் போடுற? வெட்டச் சொல்லுங்க."

"வெட்டினா வொலி யாரு மதினி?" ஃபாஹிம் குரலை உயர்த்தவில்லை. "வாப்பா உசிரோட இருந்தா வாப்பாதான் புள்ளட கையப் புடிச்சிக் குடுக்கணும். எங்கட நானா வந்து குடுப்பாரா? இல்லையெண்டாத்தான் நான் நிக்க ஏலும். மாப்புள வீட்ட கேக்குறாங்க, ஆள் இரிக்காரா இல்லையா எண்டு. இந்தக் கிழமைக்குள்ள ஒரு பதில் சொல்லச் சொல்றாங்க."

"என்ன பதில்?"

"நாலு வருசம் முடிஞ்சிட்டு. இனி மவுத்தெண்டு எடுத்து நீங்க இத்தா இருக்கலாம் எண்டு மௌலவி சொல்லிட்டாரு. அது முடிய நிக்காஹ் வைக்கலாம்."

இத்தா என்றால் நாலு மாதமும் பத்து நாளும். வெள்ளை உடுத்து, வெளி ஆண்கள் கண்ணில் படாமல், புருஷனை இழந்தவளாக அறைக்குள் இருக்க வேண்டும். றைஸாவின் முகம் சிவந்தது.

"உசிரோட இரிக்கிற மனிசனுக்கு நான் வெள்ளை உடுக்கவா? நாளைக்கு அவர் இந்த வாசல்ல வந்து நிண்டா நான் என்ன மூஞ்சிய வெச்சிட்டுப் பாக்குற? அப்பிடியொரு கலியாணம் எங்களுக்கு வேணாம். சொல்லிடுங்க."

அகீலா அறை வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று இருவருக்கும் தெரியாது. இருபத்து நாலு வயதுப் பெண், தாய்க்கு எதிராக ஒரு சொல் சொல்லாதவள். உள்ளே வந்து தாய்க்கு முன்னால் குந்தினாள்.

"உம்மா, ஒண்டு கேக்கட்டா? வாப்பா இரிக்காரெண்டு நீங்க மெய்யா நம்புறீங்களா?"

"ஓம்."

"அப்ப ஏன் நீங்க மீன் தின்னுறல்ல?"

"கடிக்குது மகள். ஒனக்குத் தெரியுந்தானே."

"கடிக்கிறல்ல உம்மா. வாப்பாட போட்டை இழுத்துட்டு வந்தாங்களே, அண்டைக்கு ராவையில இருந்துதான் நீங்க மீன் தின்னுறல்ல. நான் பாத்துட்டுத்தான் இரிக்கேன். வாப்பா இந்தியாவுல இரிக்காரெண்டா ஒங்களுக்கு மீன் தின்ன என்ன?" "வாப்பா கடலுக்குள்ள இரிக்காரெண்டு ஒங்களுக்குத் தெரியும். அந்தக் கடல் மீன ஒங்களுக்கு வாயில வைக்க ஏலாம இரிக்கி."

ஃபாஹிம் எழும்பி வெளியே போய்விட்டான். றைஸா கையில் இருந்த பாரையைச் சட்டிக்குள் வைத்தாள். மகளை அடிக்கப் போகிறவள் போலத்தான் இருந்தாள், ஆனால் கை எழும்பவில்லை. நாலு வருடமாக வாய் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது, கை இன்னொன்றைச் செய்துகொண்டிருந்தது. இரண்டும் ஒரே உடம்பில் இருந்தும் ஒன்றையொன்று பார்க்காமல் இருந்துவிட்டன. அன்றைக்கு அந்த மீனை அகீலாதான் கழுவி முடித்தாள்.

மறுநாள் காலை அன்ரனிப்பிள்ளை வழக்கம்போல மீன் கொண்டுவந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். கூடையை இறக்கிவைத்துவிட்டுத் திரும்பியவரை றைஸா நிறுத்தினாள்.

"அண்ணன், போட்டைக் கண்டது நீங்கதானே. அதுக்குள்ள என்ன கிடந்த?"

அவர் அவளை நன்றாகப் பார்த்தார். இந்தக் கேள்விக்காக நாலு வருடம் மீன் கூடை சுமந்து வந்தவர் அவர்.

"கேட்டிட்டியா தங்கச்சி," என்றார். படியில் உட்கார்ந்தார். "எஞ்சினைத் தூக்கி விட்டிருந்தது. விசிறியில வலைத்துண்டு ஒண்டு இறுக்கிச் சுத்திக் கிடந்தது. பாதி வெட்டியிருந்தது. இடுப்பில கட்டின சாரத்தைக் கழட்டி மடிச்சு வைச்சிருந்தது, தேத்தண்ணிப் போத்தல் திறக்கவேயில்லை. கத்தியைக் காணேல்லை."

"அப்ப?"

"வலையை வெட்டக் கடலுக்க இறங்கியிருக்கிறார். நாங்கள் எல்லாரும் இறங்கிறதுதான். அண்டைக்கு ஒரு காத்து எழும்பினது, உனக்கு ஞாபகம் இருக்கோ தெரியாது. வெறும் போட்டைக் காத்து தள்ளினால் நீந்திப் பிடிக்க ஏலாது தங்கச்சி. எப்பேர்ப்பட்ட நீச்சல்காரனுக்கும் ஏலாது."

காற்று. றைஸா கடல் பக்கம் பார்த்தாள். களப்பின் மேல் சிவப்பும் மஞ்சளுமாகப் பட்டங்கள் ஏறத் தொடங்கியிருந்தன, அதில் தொங்கிய ஒருத்தி சந்தோசத்தில் கூவுவது கேட்டது. போட் தன்னைவிட்டுத் தள்ளித் தள்ளிப் போவதைப் பார்த்துக்கொண்டே அந்த மனிதன் எவ்வளவு நேரம் நீந்தினார்? ஒரு ஜெக்கட் இருந்திருந்தால்? நாலும் கரையில் இருந்தன, துடைத்து, மடித்து, விருந்தாளிகளுக்காக. அவள் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி றாஜிஊன்," என்றாள். யாருடைய மவுத்தைக் கேட்டாலும் உடனே வாயில் வருகிற வார்த்தை. இந்த ஒரு மவுத்துக்கு வர நாலு வருடம் எடுத்தது. அன்ரனிப்பிள்ளை நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு தலை குனிந்தார்.

ஃபாஹிமுக்குப் போன் எடுத்து, "அந்தச் சொல் இரிக்கட்டும் தம்பி, வெட்ட வேணாம்" என்றாள். அவன் மறுபக்கத்தில் அழத் தொடங்கினான். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள், அழவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு காயிப் ஜனாஸாத் தொழுகை நடக்கும் என்று பள்ளியின் ஒலிபெருக்கி அறிவித்தது. மர்ஹூம் சாஹுல் ஹமீது என்ற பெயர் தென்னைகளுக்கு மேலாலும் வெங்காயப் பாத்திகளுக்கு மேலாலும் போயிற்று. ஊரடங்குக் காலத்தில் வர முடியாமல் போனவர்கள் அன்றைக்கு வந்தார்கள். நாலு வருடம் கடன்போல வைத்திருந்த அழுகையை அந்த வீட்டில் வந்து இறக்கினார்கள். றைஸா வெள்ளை உடுத்து உள்ளறையில் இருந்தாள். வந்த பெண்கள் கட்டிப்பிடித்தார்கள், அவள் அவர்கள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. கல்லாகிவிட்டாள் என்று சிலர் வெளியே போய்ச் சொன்னார்கள்.

இத்தாவின் ஒன்பதாம் நாள் ஆறு விருந்தாளிகள் வருவதாக லொட்ஜில் முன்பே பேசியிருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்றான் ஃபாஹிம். றைஸா விடவில்லை. "சாப்பாடு எண்டு சொல்லிப்போட்டு ஆக்கள ஏமாத்துறதா? அவர் ஒரு நாளும் ஏமாத்தல்ல. அகீலா ஆக்கட்டும்."

அகீலா ஆக்கினாள். உள்ளறையில் இருந்தபடியே றைஸா எல்லாவற்றையும் காதாலும் மூக்காலும் பார்த்தாள். வெங்காயம் வதங்குகிறது, தூள் கருகப் பார்க்கிறது, இப்போது பால் விட வேண்டும், விட்டுவிட்டாள், நல்லது. வேன் வந்து நின்றது. பாய் விரிக்கிற சத்தம், புதிய குரல்கள், ஃபாஹிமின் அரைகுறைப் பகடி. அதற்குள் ஒரு பெண் குரல் ஏதோ கேட்டது. அந்தக் கேள்வியின் ராகம் றைஸாவுக்குப் பாஷை தெரியாமலே தெரியும். வீட்டுக்காரர் எங்கே? ஃபாஹிம் சின்னதாக ஒரு பதில் சொன்னான். இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை.

அகீலா அகப்பையோடு அறைக்குள் வந்தாள். ஆவி பறந்தது. தாயின் முன்னால் நின்றாள், கேட்பதா விடுவதா என்று தெரியாமல் நின்றாள். பிறகு கேட்டாள்.

"உம்மா, உப்புப் பாருங்க."

வீட்டில் வேறு யாரையாவது கேட்டிருக்கலாம். சாச்சா ஃபாஹிமைக் கேட்டிருக்கலாம், தானே பார்த்திருக்கலாம். றைஸா மகளின் முகத்தைப் பார்த்தாள். இன்னும் ஐந்து மாதத்தில் வேறு வீட்டு அடுக்களைக்குப் போகப் போகிறவள். மெல்ல வலது கையை நீட்டி உள்ளங்கையைக் குழித்தாள். அகீலா ஒரு சொட்டு விட்டாள். சுட்டது. கொஞ்சம் வழிந்து வெள்ளைச் சேலையில் பட்டு மஞ்சளாயிற்று. றைஸா உள்ளங்கையை வாய்க்குக் கொண்டுபோனாள்.

"உப்புக் காணுமா உம்மா?"

"காணும் மகள்," என்றாள். "ஒங்கட வாப்பாக்கு இன்னும் கொஞ்சம் புளி வேணும்."

அதைச் சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. சஹனைச் சுற்றி உப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆறு பேரும், உள்ளே அழுகிற சத்தம் ஓயும்வரை சோற்றில் கை வைக்கவில்லை.